பார்த்ததும் கேட்டதும்: கலிபோர்னியாவில் காவல் சான்றிதழ் பெற்ற அனுபவம்

என் அப்பா தென் மாவட்டம் ஒன்றில் தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்காலத்தின் பெரும்பகுதியை நிலைய எழுத்தராகவே கழித்ததால் ஊரில் அவருக்கு "ரைட்டர்" என்பதே பெயர். பள்ளி விட்டதும் நிலைய வாசலில் அவருக்காகக் காத்திருந்த நாள்களில், புகார் கொடுக்க வந்தவர் அழுகையும் ஆத்திரமுமாகக் கொட்டுவதை அவர் பொறுமையாகக் கேட்டு, "நீங்க பாத்தீங்களா, யாராச்சும் சொன்னாங்களா?" என்று வரிக்கு ஒருமுறை கேட்டுவிட்டு எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வியின் கனம் எனக்குப் புரிவதற்கு இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. அது புரிந்த இடம் கலிபோர்னியாவில் ஒரு காவல் பயிற்சி அகாடமியின் வகுப்பறை.

கணவர் ஏற்கெனவே அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்ததால் 2010-இல் நிரந்தரக் குடியிருப்பு உரிமையுடன் இங்கு வந்தேன். 2017-இல் நானும் குடியுரிமை பெற்றேன். சில ஆண்டுகள் வங்கிக் கிளை ஒன்றில் காசாளராக இருந்துவிட்டு, 2021-இல், முப்பத்தாறு வயதில், நடுத்தர அளவுள்ள ஒரு நகரத்தின் காவல்துறைக்கு விண்ணப்பித்தேன். மாநிலத்தின் அடிப்படைச் சான்றிதழ் 2024-இல் என் கைக்கு வந்தது. இடையில் நான் எங்கெங்கே இடறினேன், மாநிலத் தரம் என்று இவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்பதை, இங்கே காவல் பணிக்கு வர நினைக்கும் நம் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் அமைப்பைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் ஊரிலிருந்து வந்த எவருக்கும் இது முதலில் பிடிபடாது. தமிழ்நாட்டில் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் மாநிலம் முழுமைக்கும் ஆள் எடுக்கிறது. தேர்வானவர் மாநிலக் காவல்துறையின் ஊழியர். கலிபோர்னியாவில் நகரம் தனியாக, மாவட்ட ஷெரிஃப் அலுவலகம் தனியாக, பல்கலைக்கழக வளாகக் காவல்துறைகூடத் தனியாக ஆள் எடுக்கும். இப்படி 600-க்கும் மேற்பட்ட துறைகள் இருக்கின்றன. இவற்றில் எதில் சேர்ந்தாலும் ஒருவர் குறைந்தபட்சம் என்ன தகுதியுடன் இருக்க வேண்டும், எத்தனை மணி நேரம் பயிற்சி பெற வேண்டும், எந்தத் தேர்வில் தேற வேண்டும் என்பதை வரையறுப்பதற்காக 1959-இல் மாநிலச் சட்டமன்றம் ஓர் ஆணையத்தை உருவாக்கியது. மேற்கு சாக்ரமெண்டோவில் இயங்கும் அந்தக் காவல் அலுவலர் தரநிலை மற்றும் பயிற்சி ஆணையத்தை எல்லாரும் அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து "போஸ்ட்" என்றே சொல்கிறார்கள். உங்களை வேலைக்கு எடுப்பது நகரம். நீங்கள் அந்த வேலைக்கு உரியவர் என்று சான்று தருவது போஸ்ட். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, துறைக்கு அனுப்ப வேண்டிய விண்ணப்பத்தை ஆணையத்துக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

எழுத்துத் தேர்வைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆங்கிலத்தில் வாசிக்கவும் எழுதவும், காரணகாரியத்தோடு சிந்திக்கவும் எவ்வளவு முடியும் என்பதை மட்டுமே அது அளக்கிறது. சட்ட அறிவையோ பொது அறிவையோ கேட்பதில்லை. மதிப்பெண்ணை 50-ஐ நடுவாகக் கொண்ட ஓர் அளவுகோலில் மாற்றித் தருவார்கள். 42-க்குக் கீழே வந்தால் பயிற்சியில் தாக்குப்பிடிப்பது கடினம் என்பது போஸ்டின் கருத்து, ஆனால் எங்கே கோடு போடுவது என்பதைத் துறைகளே முடிவு செய்கின்றன. இடையிடையே சொற்களை நீக்கிவிட்டு நிரப்பச் சொல்லும் பகுதிதான் தமிழ்வழியில் படித்த எனக்குக் கடினமாக இருந்தது. மூன்று மாதம் தினமும் உள்ளூர் நாளிதழ் ஒன்றின் குற்றச் செய்திகளைச் சத்தமாக வாசித்தேன். அதுவே போதுமானதாக இருந்தது.

உடல் தகுதித் தேர்வைப் பற்றித்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள், குறிப்பாகப் பெண்கள். ஐந்து நிகழ்வுகள்: 99 கஜ வளைவு நெளிவான தடை ஓட்டம், 165 பவுண்டு எடையுள்ள பொம்மையை 32 அடி இழுத்தல், 6 அடி கம்பிவலை வேலியைத் தாண்டுதல், 6 அடி உயரத் திண்ணிய சுவரைத் தாண்டுதல், 500 கஜ ஓட்டம். ஒவ்வொன்றின் நேரத்துக்கும் புள்ளி உண்டு. அகாடமியை முடிக்கும்போது கூட்டுத்தொகை 384-ஐத் தொட வேண்டும். பொம்மையின் எடை நம் கணக்கில் ஏறக்குறைய 75 கிலோ. என் எடை அப்போது 58. முதல் நாள் கைகளால் இழுக்கப் பார்த்தேன். பொம்மை நகரவே இல்லை, என் முதுகு மட்டும் பிடித்துக்கொண்டது. மயங்கி விழுந்தவரைத் தூக்குவதுபோல அதன் அக்குள்களுக்கு அடியில் இரு கைகளையும் கொடுத்து, மார்போடு சேர்த்து அணைத்து, பின்னால் சாய்ந்து குட்டிக் குட்டி அடிகளாகக் கால்களால் தள்ளிப் பின்னோக்கி நடக்க வேண்டும் என்பதை ஒரு பெண் பயிற்றுநர் காட்டிக்கொடுத்தார். சுவரும் அப்படியே. கைவலுவை மட்டும் நம்பித் தொங்குபவர்கள் தோற்கிறார்கள். ஓடி வந்து ஒரு காலைச் சுவரின் நடுவில் ஊன்றி அந்த உந்துதலோடு முழங்கையை மேலே மாட்டுபவர்கள் தாண்டுகிறார்கள். ஆகவே உடல் சிறியது என்பதற்காக எவரும் பின்வாங்க வேண்டாம். ஆறு மாதம் முன்னதாகத் தொடங்கி, உத்தி தெரிந்த ஒருவரிடம் கேட்டுப் பழகினால் இதைக் கடந்துவிடலாம்.

எனக்கு உண்மையில் சுவராக நின்றது பின்னணி விசாரணை.

இருபத்தைந்து பக்கங்களைத் தாண்டும் ஒரு தன்வரலாற்றுப் படிவத்தை போஸ்ட் வைத்திருக்கிறது. உறவினர்கள், குடியிருந்த வீடுகள், உடன் வசித்தவர்கள், பார்த்த வேலைகள், வேலையில்லாமல் இருந்த காலங்கள், கடன்கள், வாகன விபத்துகள், காவல்துறையோடு ஏற்பட்ட எந்தத் தொடர்பும் என எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு விசாரணை அதிகாரி உங்கள் பழைய முதலாளிகளையும் அக்கம்பக்கத்தாரையும் நேரில் பார்ப்பார். விரல்ரேகை மாநில நீதித்துறைக்கும் எஃப்பிஐக்கும் போகும்.

நம்மவர்களுக்கு இதில் முதல் சிக்கல் பெயர். என் பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தது. அந்தக் காலத்தில் பெயர் வைக்கும் முன்பே பதிவு செய்துவிடுவார்கள். பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் பெயருக்கு முதலெழுத்து மட்டும். கடவுச்சீட்டில் அந்த முதலெழுத்து முழுப் பெயராக விரிந்து குடும்பப் பெயர் ஆகிவிட்டது. திருமணத்துக்குப் பின் அந்த இடத்தில் கணவருடைய பெயர். கணவருடைய "குடும்பப் பெயர்" என்பது என் மாமனாரின் பெயர் என்பதால் அது எனக்கு ஒட்டவில்லை, கணவரின் இயற்பெயரே ஒட்டியது. ஆக நான்கு ஆவணங்களில் நான்கு பேர். விசாரணை அதிகாரிக்கு இது ஆள்மாறாட்டம்போலத் தோன்றினால் அவரைக் குறை சொல்ல முடியாது. தமிழர்கள் குடும்பப் பெயர் வைப்பதில்லை, தந்தை பெயரின் முதலெழுத்தைப் போடுவார்கள் என்பதை ஒரு பக்கத்தில் விளக்கி, எந்த ஆவணத்தில் எந்தப் பெயர் எதனால் வந்தது என்று ஆண்டு வாரியாக எழுதி இணைத்தேன். ஊரில் நகராட்சி அலுவலகத்தில் பெயர் சேர்த்துப் புதிய பிறப்புச் சான்றிதழ் வாங்க என் தம்பிக்கு இரண்டு மாதம் ஆயிற்று. விண்ணப்பிக்கும் எண்ணம் வந்த அன்றே இந்த வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது.

இரண்டாவது சிக்கலை நானே உண்டாக்கிக்கொண்டேன். 2012-இல் ஒரு கடையில் ஐந்து வாரம் கல்லாவில் நின்றேன். ஒருநாள் கணக்கில் எண்பது டாலர் குறைந்தது. உரிமையாளர் என்னைச் சந்தேகித்து மறுநாள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் எடுக்கவில்லை. ஆனால் அதை நிரூபிக்கவும் என்னிடம் எதுவும் இல்லை. படிவத்தை நிரப்பும்போது, இங்கே முப்பது ஆண்டுகளாக வசிக்கும் சித்தப்பா, "அஞ்சு வாரம்தானேம்மா, சம்பளத்த கையில குடுத்தாங்க, எந்தப் பதிவும் இருக்காது. தேவையில்லாம நீயே வம்ப விலைக்கு வாங்காத" என்றார். அன்பினால் சொன்னார். குடும்பத்தின் மீது கறை படியும் எதையும் நான்கு சுவருக்கு வெளியே சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள் நான். அந்தப் பேச்சு எனக்கு இயல்பாகவே பட்டது. எழுதாமல் விட்டுவிட்டேன்.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில், மேற்சொன்னவை அனைத்தும் உண்மையானவை, முழுமையானவை என்று கையொப்பம் இட வேண்டும். "முழுமையானவை" என்ற அந்த ஒரு சொல் இரண்டு வாரம் என்னைத் தூங்கவிடவில்லை. விசாரணை அதிகாரி முதன்முறையாக நேரில் அழைத்தபோது, அவர் கேள்வி கேட்கும் முன்பே சொல்லிவிட்டேன். அவர் முகத்தில் கோபமும் இல்லை, பாராட்டும் இல்லை. குறிப்பேட்டைத் திறந்து கடையின் பெயரையும் தெருவையும் எழுதிக்கொண்டார். பிறகு, வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்களைத் தங்கள் துறை எத்தனையோ முறை எடுத்திருக்கிறது என்றும், படிவத்தில் மறைத்தவர்களை எடுத்ததே இல்லை என்றும் சொன்னார். கடை உரிமையாளரைத் தேடிப் பிடித்து, அப்போது அங்கே வேலை பார்த்த இருவரிடம் பேசி, அவர் அந்த விஷயத்தை முடிக்க ஐந்து வாரம் பிடித்தது. அதற்குள் நான் சேர வேண்டிய அகாடமித் தொகுதி தொடங்கிவிட்டது. அடுத்த தொகுதிக்கு ஐந்து மாதம் காத்திருந்தேன். அந்தக் காலமும் அந்தச் சம்பளமும் போனது என் கையொப்பத்தினால் மட்டுமே.

இதைப் படிக்கும் பெற்றோரிடம் நான் மன்றாடிக் கேட்பது இதுதான்: பிள்ளை படிவம் நிரப்பும்போது "இதை எழுதாதே" என்று சொல்லிவிடாதீர்கள். பதினெட்டு வயதில் கட்டத் தவறிய அபராதம், மூன்றாம் நாளே விட்டுவிட்ட வேலை, வீட்டுக்குள் நடந்த சண்டைக்குப் போலீஸ் வந்தது ஆகிய எதுவும் தன்னளவில் கதவை மூடிவிடாது. பெருங்குற்றத்துக்கான தண்டனையைப் போன்ற சிலவற்றைத்தான் சட்டமே தடையாக வைத்திருக்கிறது.

மருத்துவப் பரிசோதனையும் உளவியல் மதிப்பீடும் இதற்குப் பின் வருகின்றன. உளவியல் மதிப்பீட்டில், இனம், பாலினம், தேசம், மதம், உடற்குறை, பாலியல் நாட்டம் ஆகியவற்றின் பேரில் ஒருவருக்கு உள்ள சார்பையும் பார்க்க வேண்டும் என்று 2020-இல் சட்டம் இயற்றினார்கள். நேர்காணலில் உளவியலாளர் என்னிடம் சாதியைப் பற்றிக் கேட்டார். ஊரில் எங்கள் தெருவில் யார் குடியிருந்தார்கள், யார் குடியிருக்கவில்லை என்பதை நான் உள்ளபடி சொன்னேன். சொல்லும்போது வெட்கமாக இருந்தது. வழவழா என்று பதில் சொல்லித் தப்பிக்க முயல்வதைவிட, எங்கிருந்து வருகிறோம் என்பதைத் தெரிந்துவைத்திருப்பது அங்கே மதிக்கப்படுகிறது.

அகாடமியில் 2022-இல் சேர்ந்தேன். மாநிலம் விதித்திருக்கும் அடிப்படைப் பயிற்சி குறைந்தபட்சம் 664 மணி நேரம். கைது, சோதனை, வாக்குமூலம், குடும்ப வன்முறை, முதலுதவி, வாகனம் ஓட்டுதல், துப்பாக்கி என நாற்பதுக்கும் மேற்பட்ட பாடப்பகுதிகளாக அதைப் பிரித்திருக்கிறார்கள். பெரும்பாலான அகாடமிகள் இந்த அளவைத் தாண்டி இன்னும் 200 மணி நேரமாவது கற்பிக்கின்றன, எங்களுடையதும் அப்படியே. இருந்தாலும் இந்தக் குறைந்தபட்ச அளவு போதாது என்பது என் திடமான கருத்து. இதே மாநிலத்தில் முடிதிருத்துநர் உரிமம் பெற 1,000 மணி நேரப் பயிற்சி வேண்டும். 2022-க்கு முன்பு அது இன்னும் கூடுதலாக இருந்தது. ஒருவரைச் சிறைப்படுத்தவும், தேவை ஏற்பட்டால் உயிரைப் பறிக்கவும் அதிகாரம் தரும் பயிற்சிக்குச் சட்டம் கேட்கும் நேரம் அதைவிடக் குறைவாக இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பாடங்களில் என்னை அதிகம் உலுக்கியது அறிக்கை எழுதுதல். ஒரு பயிற்சியில், வயதான அம்மையாராக நடித்த தன்னார்வலர் ஒருவர் எங்களிடம் புகார் கொடுத்தார். ஜன்னல் கண்ணாடி உடைந்திருக்கிறது. எதிர்வீட்டுக்காரர் கல்லெறிந்து உடைத்தார் என்றார். நான் விவரமாகக் கேட்டுக்கொண்டு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். மறுநாள் தாள் திரும்பி வந்தபோது, "எதிர்வீட்டுக்காரர் ஜன்னலின் மீது கல்லை எறிந்தார்" என்ற என் வரியைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டு, ஓரத்தில் "நீங்கள் அங்கே இருந்தீர்களா?" என்று எழுதியிருந்தது. இல்லை, அம்மையார் சொன்னார் என்றேன். அம்மையார் பார்த்தாரா என்று பயிற்றுநர் கேட்டார். அப்போதுதான் நினைவுக்கு வந்தது: அவர் அப்போது கடைக்குப் போயிருந்தார், பேரன் சொல்லித்தான் அவருக்கே தெரியும். பேரனிடம் நான் பேசவே இல்லை. என் ஒரு வரியை நம்பி எதிர்வீட்டுக்காரரைக் கைது செய்திருக்கக்கூடும்.

அன்றிரவு அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் கேட்டார்: "அந்தம்மா சொன்னத நீ எங்கிட்ட இப்ப எப்படிச் சொன்ன?" நான் சொன்னது, "எதிர்வீட்டுக்காரர் கல்லெறிஞ்சாராம்." அந்தக் கடைசி "ஆம்"தான் விடை. நம் மொழியில் கேள்விப்பட்டதை யோசிக்காமலேயே "எறிந்தாராம், வந்தாராம், போனாராம்" என்று சொல்லிவிடுகிறோம். கண்ணால் கண்டது வேறு, காதால் கேட்டது வேறு என்பதை வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த "ஆம்" என் கையிலிருந்து நழுவிப் போய், கேட்டது கண்டதாகிவிட்டது. அன்று முதல் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்த அறிக்கையையும் முதலில் மனத்துக்குள் தமிழில் சொல்லிப் பார்ப்பேன். "ஆம்" விழும் இடத்திலெல்லாம் நின்று, யார் சொன்னார், அவர் எங்கே நின்று பார்த்தார், எப்போது என்னிடம் சொன்னார் என்று நிரப்புவேன். நிரப்ப முடியாவிட்டால் அது இன்னும் கேட்கப்படாத கேள்வி என்று பொருள். இன்றுவரை, பணி முடியும் நேரத்தில் காருக்குள் உட்கார்ந்து அறிக்கை எழுதும்போது, என் உதடுகள் தமிழில் அசைவதைப் பார்த்து உடன் இருப்பவர்கள் ஜெபம் செய்கிறேனா என்று கேட்டிருக்கிறார்கள்.

அதே பாடத்தில் இன்னொன்றும் கற்றேன். "அவர் குடித்திருந்தார்" என்று எழுதக் கூடாது. வாயில் மது வாடை வந்தது, கண்கள் சிவந்திருந்தன, நேராக நிற்க முடியாமல் இரண்டு முறை சுவரைப் பிடித்தார் என்று எழுத வேண்டும். முடிவு செய்வது பின்னால் வாசிக்கப் போகிறவரின் வேலை.

உண்மைச் சம்பவம்போல ஒருவரை நடிக்கவைத்து நடத்தும் சூழல் தேர்வுகளில் ஒன்றில் நான் தோற்றேன். வாகன நிறுத்துமிடத்தில் ஒருவர் ஸ்குரூடிரைவரோடு நடமாடுகிறார் என்று தகவல்; போய்ப் பார்க்க வேண்டும். நடித்தவர் ஒரு காருக்கும் மற்றொன்றுக்கும் இடையில் முன்னும் பின்னும் அசைந்தபடி, ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு நின்றார். மற்றக் கையில் ஸ்குரூடிரைவர். நான் காரிலிருந்து இறங்கியதும் "கீழே போடு, கையைக் காட்டு, திரும்பி நில்" என்று ஒரே மூச்சில் மூன்று கட்டளைகளைக் கத்திக்கொண்டு அவரை நோக்கி நடந்தேன். அவர் இன்னும் வேகமாக அசைந்தார். நான் இன்னும் உரக்கக் கத்தினேன். பதினைந்தே நொடிகளில் எனக்கும் அவருக்கும் நடுவே ஐந்தடிகூட இல்லை. என் கை துப்பாக்கி உறையின் மீது இருந்தது. பயிற்றுநர் ஊதலை ஊதி நிறுத்திவிட்டு, அமைதியாக ஒன்றே கேட்டார்: "அவர் யாரையாவது நெருங்கினாரா, நீங்கள் நெருங்கினீர்களா?" நான்தான் நெருங்கினேன். சுற்றுவட்டத்தில் வேறு யாரும் இல்லை, யாரையும் காப்பாற்ற வேண்டிய அவசரமும் இல்லை. அந்த ஆபத்தை நான் நடந்து நடந்து உண்டாக்கினேன்.

இதன் பின்னே ஒரு சட்டம் இருக்கிறது. சாக்ரமெண்டோவில் 2018-இல் ஸ்டீஃபன் கிளார்க் என்ற இளைஞர் தன் பாட்டி வீட்டுக் கொல்லையில் காவலர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்; அவர் கையில் இருந்தது கைப்பேசி. அந்தத் துயரத்தை அடுத்து இயற்றப்பட்டு 2020 சனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், மனித உயிரைக் காக்க அவசியம் ஏற்பட்டால் மட்டுமே உயிரைப் பறிக்கக்கூடிய பலத்தைப் பயன்படுத்தலாம் என்று வரையறுத்தது. அந்தக் கணத்துக்கு முன்னால் அதிகாரி எப்படி நடந்துகொண்டார் என்பதும் கணக்கில் வரும். வகுப்பில் இதைப் படித்துத் தேர்வில் சரியாக எழுதியிருந்தேன். வாகன நிறுத்துமிடத்தில் அது என் கால்களுக்கு எட்டவில்லை.

தோற்ற தேர்வுக்கு மறுவாய்ப்பு ஒன்றே. அதிலும் தோற்றால் அகாடமியே முடிந்தது. அந்த வாரம் முழுவதும் வீட்டில் என் மகள் ஓவியக் குச்சியோடு நிற்க, நான் சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் நின்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு மனத்துக்குள் எண்ணப் பழகினேன். மறுதேர்வில் காரின் எஞ்சின் பக்கம் மறைந்து நின்று, என் பெயரைச் சொல்லி, உதவ வந்திருக்கிறேன் என்றேன். சைரன் ஒலியையும் விளக்கையும் அணைத்தேன். பிறகு வாயைத் திறக்கவில்லை. நாற்பது வரை எண்ணினேன். ஒன்றும் செய்யாமல் நிற்கும் நாற்பது நொடி எவ்வளவு நீளமானது என்பதை நின்று பார்த்தவர்களே அறிவார்கள். நாற்பத்தோராவது நொடியில் அவர் காதிலிருந்து கையை எடுத்தார். "அதைத் தரையில் வைக்க முடியுமா?" என்று கேட்டேன். வைத்தார்.

அகாடமிக்குப் பின் களப்பயிற்சி. மாநில விதிப்படி குறைந்தது 10 வாரம். எங்கள் துறையில் நான்கு மாதத்துக்கும் மேல். சான் ஹோசே நகரக் காவல்துறை 1970-களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறையையே பல துறைகள் இன்றும் பின்பற்றுகின்றன: ஒவ்வொரு நாளும் பயிற்சி அதிகாரி உங்கள் அருகில் உட்கார்ந்திருப்பார், நாள் முடிவில் ஒன்று முதல் ஏழு வரை மதிப்பிட்டுத் தாளில் எழுதி, உங்களிடம் கையொப்பம் வாங்குவார். வானொலிப் பேச்சில் எனக்குத் தொடர்ந்து இரண்டே கிடைத்தது. என் உச்சரிப்பு அதற்குக் காரணமில்லை என்று பயிற்சி அதிகாரி சொன்னார். பதற்றத்தில் பொத்தானை அழுத்தும் முன்பே பேசத் தொடங்கிவிடுவதால் முதல் இரண்டு சொற்கள் போகாமலேயே விழுந்தன. அழுத்து, மூச்சு விடு, பேசு என்று ஸ்டியரிங்கில் ஒட்டிவைத்துப் பழகினேன். நான் நிற்கும் தெருவின் பெயர் எந்த நேரத்திலும் நாக்கு நுனியில் இருக்க வேண்டும் என்பதும் அப்போது படிந்த பழக்கம். உதவி கேட்கும்போது எங்கே இருக்கிறோம் என்று தெரியாவிட்டால் மற்ற எந்தத் திறமையாலும் பயனில்லை.

சான்றிதழ் முன்பெல்லாம் ஒருமுறை வாங்கினால் வாங்கியதுதான். தவறு செய்த அதிகாரியை ஒரு துறை நீக்கினாலும், அல்லது நீக்கும் முன் அவரே விலகிக்கொண்டாலும், பக்கத்து ஊர்த் துறையில் அவர் வேலைக்குச் சேர முடிந்தது. சான்றிதழைப் பறிக்கும் அதிகாரம் அப்போது போஸ்டுக்கு இருக்கவில்லை. கார்டீனா நகரில் 2018-இல் காவலரால் கொல்லப்பட்ட கென்னத் ராஸ் ஜூனியர் என்ற இளைஞரின் பெயரைத் தாங்கிய சட்டம் 2021 செப்டம்பர் 30 அன்று கையெழுத்தாகி இந்த நிலையை மாற்றியது. பொய், அதிகார முறைகேடு, அளவுக்கு மீறிய வன்முறை, பாலியல் அத்துமீறல், இனச்சார்பைக் காட்டுதல், சக அதிகாரி வரம்பு மீறும்போது தடுக்காமல் நிற்பது போன்றவற்றுக்காக 2023 சனவரி முதல் சான்றிதழை இடைநிறுத்தவும் ரத்து செய்யவும் முடிகிறது. ரத்து குறித்துப் பரிந்துரைக்கும் ஒன்பது பேர் குழுவில் காவல் அனுபவம் உள்ளவர்களுக்கு இரண்டே இடம். காவல் வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களுக்கோ அவர்களுடைய குடும்பத்தாருக்கோ முன்னுரிமை தர வேண்டிய இடங்களும் இரண்டு. சான்றிதழ் இழந்தவர்களின் பெயர்களை ஆணையம் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது.

என் தொகுதியில் சிலர் இந்தச் சட்டத்தை அச்சத்தோடு பார்த்தார்கள். ஒரு தவறான புகாரில் வாழ்க்கையே போய்விடும் என்றார்கள். அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன், எண்பது டாலர் சந்தேகத்தைச் சுமந்தவள் என்பதால் இன்னும் கூடுதலாகவே மதிக்கிறேன். ஆனாலும் சட்டத்தின் பக்கமே நிற்கிறேன். பட்டியலில் முதலாவதாகச் சொல்லப்படும் குற்றத்தைப் பாருங்கள்: அறிக்கையிலும் விசாரணையிலும் பொய் சொல்வது. மருத்துவரும் வழக்கறிஞரும் உரிமத்தை இழக்கக்கூடிய மாநிலத்தில், ஒருவரின் சொல்லை மட்டுமே நம்பி இன்னொருவரைக் கூண்டில் அடைக்கும் தொழிலுக்கு அந்த நிபந்தனை இத்தனை காலம் இல்லாமல் இருந்ததே எனக்கு வியப்பு.

இப்போது தொடங்குபவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். 2022 முதல் புதிதாகச் சேர்பவர்களுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். குடியுரிமை பெற்றிருக்க வேண்டும், அல்லது நிரந்தரக் குடியிருப்பாளராக இருந்து அதற்கு விண்ணப்பித்திருக்க வேண்டும் என்ற நிலை 2023 சனவரியில் மாறிவிட்டது. நாட்டில் வேலை பார்க்கச் சட்டப்படி அனுமதி உள்ளவர் விண்ணப்பிக்கலாம். துறை எதிலும் சேராமல் சொந்தச் செலவில் அகாடமி படிப்பவர்கள், முடித்த மூன்று ஆண்டுகளுக்குள் வேலையில் சேரப் பார்க்க வேண்டும்; தாண்டிவிட்டால் 136 மணி நேரத் தகுதிப் புதுப்பிப்புப் பயிற்சி எடுக்க வேண்டியிருக்கும். பணியில் சேர்ந்த பின்னும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 24 மணி நேரத் தொடர்பயிற்சி உண்டு.

சென்ற மாதம் எங்கள் தமிழ்ப் பள்ளியில் படித்து வளர்ந்த ஒரு பெண், இப்போது கல்லூரி முடித்தவள், அந்தப் படிவத்தோடு வீட்டுக்கு வந்தாள். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் ஓராண்டு பாட்டியுடன் ஊரில் இருந்திருக்கிறாள். அந்த முகவரியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வீட்டுக்குக் கதவு எண் கிடையாது, பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது வீடு, அவ்வளவே. கட்டத்தைக் காலியாக விடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். பாட்டியின் குடும்ப அட்டையில் உள்ள முகவரியை எடுத்து, கோயிலையும் அடையாளமாகச் சேர்த்து, ஊர்த் தபால்காரரிடம் ஒருமுறை கேட்டுச் சரிபார்த்துவிட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன்.